எப்போது கிளம்பலாம்?

'பிரசவ வலி வந்தால் எப்போது கிளம்பலாம்?' ஆஸ்பத்திரி இணையதளத்துக்காக இப்படியொரு கட்டுரை எழுதியிருந்தான் அவசரப் பிரிவு டாக்டர் ஹோரியா. சரிபார்ப்பவள் மகப்பேறு மருத்துவர் இலிங்கா. பழைய கட்டுரையை நம்பி நிதானமாகக் கிளம்பிய ஒருத்தி, க்ளூஜ் நகரப் போக்குவரத்து நெரிசலில் டாக்ஸியிலேயே பெற்றுவிட்டாள். அதனால் புதியது இன்று மதியத்துக்குள் ஏறியாக வேண்டும்.

பிரசவ விடுப்பில் இருந்தும் இலிங்கா விடவில்லை. போனிலேயே வறுத்தெடுத்தாள்.

"அதென்ன, 'தாங்க முடியாத வலி'? ஊசியைப் பார்த்து மயங்கி விழற நீ எழுதற வரியா இது?"

"ஒரே ஒரு தடவைதான் விழுந்தேன்!"

"அதை எடு. எத்தனை நிமிஷத்துக்கு..." சற்று நேரம் சத்தமில்லை. "...எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வலிக்குதுன்னு எழுது."

கீழ்த்தள அவசரப் பிரிவில் உட்கார்ந்து ஹோரியா தட்டினான்: 'ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் வலித்தால் உடனே கிளம்புங்கள்.'

அப்போதுதான் கட்டுரை ஓரத்தில் அவள் போட்டிருந்த குறிப்புகளின் நேரத்தைக் கவனித்தான். 10.05, 10.10, 10.15... ஒவ்வொன்றும் பாதியில் நின்று, ஒரு நிமிடம் கழித்துத் தொடர்ந்திருந்தது.

"இலிங்கா! உனக்கு வலி வந்துடுச்சா?"

"பெரிய அவசர டாக்டர்! கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்!"

"அசையாதே, வீட்டுக்கு வந்துட்டே இருக்கேன்!"

"வீட்டுல யாரு இருக்கா? காலையிலயே வந்து மூணாவது மாடி பிரசவ வார்டுல படுத்திருக்கேன். சொல்லியிருந்தா நீ ஒரு வரியாவது எழுதியிருப்பியா? அதை ஏத்திட்டு வா. பொண்ணு பிறக்கும்போது அப்பன் பக்கத்துல இருக்க வேண்டாமா?"

கட்டுரை இணையத்தில் ஏறுவதற்குள் ஹோரியா மூன்று மாடி ஏறியிருந்தான்.