கயத்தாறு வரை

பஸ்கள் நின்றுபோன பிறகு, கோவில்பட்டியில் இருந்த ரெஜினாவும் திருநெல்வேலியில் இருந்த அவள் தங்கை ஸ்டெல்லாவும் மாதம் ஒருமுறை கயத்தாற்றில் சந்தித்துக்கொண்டார்கள். இருவருடைய கார்களும் தாமாக ஓடுபவை, பழையவை. வீடு திரும்பும் அளவுக்கு பேட்டரியில் தெம்பு இருக்கும் தூரம் வரைதான் அவை போகும். அதற்கு மேல் நகராது.

இந்த மாதம் ரெஜினாவின் கார் மூன்று கிலோமீட்டர் முன்பாகவே ஓரங்கட்டி நின்றுவிட்டது. பேட்டரி நலம் ஐம்பத்தொரு சதவீதம் என்றது. மீன்குழம்புத் தூக்கோடு அவள் வெயிலில் நடந்தாள். முட்டியில் ஆபரேஷன் செய்திருந்த ஸ்டெல்லா தன் காரிலேயே காத்திருந்தாள்.

"ஏக்கா, நடந்தா வந்த? ஒரு போன் போட்டிருக்கலாம்லா?"

"போட்டா உன் கார் மட்டும் அங்க வந்திருமா, ஏட்டி?"

ஏசி போட்டால் கார் ஓடும் தூரம் குறையும். கதவுகளைத் திறந்துவைத்து, வியர்வை வழிய, சாப்பிட்டார்கள். அடுத்த மாதத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

கிளம்பும்போது ஸ்டெல்லா அக்காவின் கையை விடவில்லை. "என்கூடயே வந்திரேன்க்கா. அங்க உனக்கு யாரு இருக்கா?"

ரெஜினா தன் கார் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"சரி, போவோம்."

"இருவருடன் வீடு சேர முடியாது," என்றது கார். "ஒருவர் இறங்கவும்."

ஸ்டெல்லா ஸ்டெப்னியை இழுத்து வெளியே போட்டாள். பின்சீட்டில் கிடந்த பைகளை வீசினாள். தன் ஊன்றுகோலையும் வீசினாள். கார் அதையே திரும்பச் சொன்னது.

ரெஜினா இறங்கி, ஊன்றுகோலை மட்டும் எடுத்துத் தங்கையின் மடியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். கார் உடனே கிளம்பிவிட்டது.