உறவு என்ற கட்டம்

அவள் வேலை செய்யும் ஆய்வகத்தின் வாசல் பதிவேட்டில், அத்தையின் பெயரை எழுதி, 'உறவு' என்ற கட்டத்துக்கு வந்ததும் அவளுடைய பேனா நின்றுவிட்டது.

"குடும்பத்தினர் நாள் மேடம். எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்" என்றார் காவலாளி.

"திரும்பி வர்றப்ப எழுதுறோம் தம்பி. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடப்போறேன்?" அத்தை முன்னால் நடந்துவிட்டாள்.

அத்தையின் கைப்பையில் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கான டிக்கெட் இருந்தது. வந்துவிடு என்று மகன் அனுப்பியது. போகிறாளா, இருக்கிறாளா? ஒரு வாரமாக அத்தை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவளும் கேட்கவில்லை. இரு என்று சொல்லத் தனக்கு என்ன உரிமை?

உள்ளே பம்புகள் இரைந்தன. அவள் நீண்ட குழாயைக் காட்டினாள். அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், அதில் படுவேகமாக வரும். நடுவே ஹீலியம் அணுக்களோடு மோதும். மோதலில் எலக்ட்ரான்கள் தெறிக்கும். அவற்றைத்தான் எண்ணுகிறோம் என்றாள்.

"மோதி, உடைச்சு, எண்ணுறதுக்கா இத்தனை படிப்பு? எங்க வீட்டுலயே பண்ணியிருக்கலாமே."

திரையில், எந்த வேகத்தில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று ஒரு கோடு ஏறி இறங்கியது. ஓரிடத்தில் மட்டும் ஊசிபோல் ஒரு முகடு.

"இது மட்டும் ஏன் தூக்கிக்கிட்டு நிக்குது?"

"அதெல்லாம் அணுவை விட்டுக் கிளம்பின எலக்ட்ரான் அத்தை. அயனியோட இழுப்புல பின்னாடியே வந்துடுச்சு. ஆனா அதுக்குள்ள போய் ஒட்டிக்கல. அதே வேகத்துல, பக்கத்துலயே..."

பாதியில் நிறுத்தினாள். எத்தனையோ பேருக்கு ஒப்பித்த விளக்கம். இன்றுதான் அவள் காதில் விழுந்தது.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "கட்டிப்போடல. ஆனாலும் கூடப் போகுது. அதுக்கு என்ன பேரு?"

"அந்த முகட்டுக்குப் பேரு இருக்கு. அந்த எலக்ட்ரானுக்குன்னு தனியா இல்ல."

அத்தை வெகுநேரம் திரையை விட்டு நகரவில்லை.

திரும்பும்போது வாசலில் அத்தையே பேனாவை வாங்கினாள். அது எழுத மறுத்தது. அத்தை பையைத் துழாவி ஏதோ ஒரு தாளை எடுத்து, மை வரும்வரை அதில் வட்டம் வட்டமாகக் கிறுக்கினாள். பிறகு, விட்டுப்போன கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

காவலாளி தலையைச் சொறிந்தார். "'கூட வந்தவள்'னு போட்டிருக்கீங்க. இது என்ன உறவும்மா?"

"சொன்னா விளங்காது தம்பி. உள்ள மெஷின்ல தெரியுது, போய்ப் பாரு."

ஒன்றரை வருடத்துக்கு முன், விவாகரத்து முடிந்து, கடைசிப் பெட்டியோடு அவள் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, காரின் மறுபக்கக் கதவைத் திறந்து அத்தை பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். மடியில் இதே கைப்பை. வாசலில் நின்றிருந்த மகனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது, காவலாளியின் மேசையிலேயே அத்தை விட்டுவிட்டுப் போன தாளை அவள் எடுத்துப் பார்த்தாள்.

நீல வட்டங்களுக்கு அடியில், ஞாயிற்றுக்கிழமை ரயிலின் பெயர் அச்சாகியிருந்தது.