இன்னொரு லைட்டு

“மருந்து கலக்குற ஆளுக்கு இன்னொரு பேட்டரி லைட்டு குடுங்கய்யா” என்றாள் செல்லத்தாய்.

தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு மேனேஜராக வந்து ஒரு வாரமே ஆகியிருந்த வேலுச்சாமி, ஆர்டர் காகிதங்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அதான் ஒண்ணு குடுத்திருக்குல்ல. உன் புருஷன் பேரென்ன?”

அவள் வாய் திறக்கவில்லை. இந்தப் பக்கத்தில் எந்தப் பெண்தான் புருஷன் பேரைச் சொல்கிறாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

“அவனே வந்து கேட்டா என்ன?”

“அவுக எம்புட்டோ தடவ கேட்டாக. பழைய மேனேஜர் குடுக்கல. வெயில் வாரதுக்கு முன்னால, இருட்டோட கலக்குற மருந்துய்யா. லைட்டு திடீர்னு நின்னுபோனா, கை தன்னால மடியில இருக்குற தீப்பெட்டிக்குப் போயிரும்.”

வேலுச்சாமி அலுப்போடு எழுந்து பீரோவைத் திறந்தார். உள்ளே பிரிக்காத அட்டைப்பெட்டிகளில் புது லைட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார்.

“இந்தா. தீப்பெட்டியைத் தொட்டா வேலை போயிரும்னு உன் புருஷன்கிட்டச் சொல்லு.”

அவள் பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இம்புட்டும் போன ஆவணியிலயும் இங்கனதான் இருந்துச்சாய்யா?”

“பில்லுப்படி வாங்கி ஒரு வருஷமாச்சு. ஏன்?”

“ஆவணியிலதான்யா லைட்டு நின்னுபோயி, அவுக தீக்குச்சியைக் கிழிச்சாக. ஆளை அள்ளக்கூட முடியல.”

அப்போதுதான் அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி வெறுமையாக இருந்தது.

“அப்ப... இது யாருக்கு?”

“அவுக இடத்துக்குப் பெத்தணன்னு ஒரு பையன் வந்திருக்கான். பொண்டாட்டி சின்னப்புள்ள. அதுக்கு இன்னும் கேக்கத் தெரியல.”