மூன்றாம் மேசைக்கு வந்த அடி

முதல் குத்து பல் டாக்டரின் மூக்கில் இறங்கியது. இரண்டாவது குத்து, முதல் குத்து சரியாக விழுந்ததா என்று பார்க்க வந்ததுபோல் அதே இடத்தில் இறங்கியது.

அவர் பெரிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. "சோடா சொல்லி நாப்பது நிமிஷம் ஆச்சு. கஸ்டமரைக் கவனிக்கிற லட்சணமா இது?" என்றார். நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார், அவ்வளவுதான்.

அது கௌபாய் பார். அரைக்கதவு, குதிரைச் சேணம் போட்ட முக்காலிகள், சுவரெல்லாம் கயிறும் லாடமும். பரிமாறுகிறவர்கள் அகலத் தொப்பியும் இடுப்பில் மரத் துப்பாக்கியுமாகத் திரிவார்கள். அவர்களில் மூன்று பேர் சொல்லி வைத்தாற்போல் மூன்றாம் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சோடாதானே வேணும்? வெச்சுக்கோ," என்று மீசைக்காரன் மூன்றாவதை வயிற்றில் வைத்தான்.

மேசையைச் சுற்றிப் பெண் வீட்டார் இருந்தார்கள். பெண்ணுக்கும் டாக்டருக்கும் மனசு ஒத்துப்போய் ஆறு மாதம் ஆகிறது. இழுத்துக்கொண்டிருந்தது பெண்ணின் அம்மா சம்மதம் ஒன்றுதான். அந்த அம்மாள் தலைமையாசிரியை. எதையும் மென்று விழுங்கிப் பழக்கமில்லை. வந்து உட்கார்ந்ததுமே போட்டு உடைத்துவிட்டார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு சாது இருக்கார். கரப்பான்பூச்சி வந்தா 'நீ முதல்ல போப்பா'ன்னு வழி விடுவார். இன்னொரு சாதுவையும் கட்டி மேய்க்க என்னால ஆகாது. இங்கேருந்து எழுந்திரிக்கறதுக்குள்ள முடிவைச் சொல்லிடறேன்."

சாது என்று சொல்லப்பட்டவர் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. மறுத்துப் பேசவில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் பேசியதுமில்லை. நாலு மணி ஆகப்போகிற நேரத்தில் பல்செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் மடித்து, சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். மேசைக்கு அப்போது தண்ணீர்கூட வந்திருக்கவில்லை. செட்டைச் செய்து கொடுத்தவர் டாக்டர்தான். ஈறில் அழுத்துகிறதோ என்று அவர் கவலைப்பட்ட சமயத்தில்தான் சோடா ஞாபகம் வந்து, பேச்சு வளர்ந்து, மூக்கில் குத்து விழுந்தது.

டாக்டரும் சும்மா இருக்கவில்லை. கையை ஓங்கி ஒல்லிக்காரன் தாடையில் ஒன்று கொடுத்தார். அவன் விழவேண்டும். விழவில்லை. கொடுத்த கையையே பிடித்து முறுக்கி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"யோவ், நான்தான்யா," என்றார் டாக்டர், அவன் காதோரமாக.

"நீன்னு தெரியும்டா," என்று அவன் இன்னொன்று வைத்தான்.

கீழுதடு கிழிந்தது. நாற்காலி ஒன்று முதுகில் இறங்கிக் கால் வேறு கை வேறாகப் போனது. சுவரில் போய் மோதியவரின் நெற்றியில் லாடமொன்று கழன்று விழுந்து, தன் பங்குக்கு ஒரு வீக்கத்தைக் கொடுத்தது. முன்பல் ஆடியது. ஒற்றை வேர், இனி நிற்காது என்று அந்த நிலையிலும் தொழில் புத்தி சொன்னது.

"விடுங்கடா அவரை," என்று பெண் கைப்பையால் மீசைக்காரனின் முதுகில் சாத்தினாள். "ஏங்க, யாரையாவது கூப்பிடுங்க," என்றார் அம்மாள்.

பெரியவர் யாரையும் கூப்பிடவில்லை. எழுந்தார்.

நாற்பத்தெட்டுக் கிலோ உடம்பு. மீசைக்காரனின் கன்னத்தை நோக்கிக் கையை வீசினார். கை பட்டதை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மீசைக்காரன் பறந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு மேசை தாண்டி மூன்றாவதை உடைத்துக்கொண்டு விழுந்தான். ஒல்லிக்காரனைக் காலரைப் பிடித்து அரைக்கதவு வழியாகத் தெருவுக்கு அனுப்பினார். கதவு நாலு தடவை ஆடி நின்றது. மூன்றாமவன் தலையில் பாட்டிலை இறக்க, பாட்டில் பொடிப்பொடியானது. ஆள் வெட்டின மரமாகச் சாய்ந்தான்.

அம்மாள் கணவரை இப்போதுதான் பெண் பார்க்க வந்தவரைப்போல் பார்த்தார். கலைந்திருந்த அவர் சட்டைக் காலரைச் சரி செய்தார். "பார்த்து உக்காருங்க," என்றார். அப்படியொரு குரல் அவரிடம் இருப்பது மகளுக்கே அன்றுதான் தெரியும்.

அப்புறம் தரையில் கிடந்தவரைப் பார்த்தார். "எழுந்திரிங்க மாப்பிள்ளை. வீட்டுல தைரியத்துக்கு இவர் ஒருத்தர் போதும். நீங்க சாதுவாவே இருந்துட்டுப் போங்க."

தம்பி மாப்பிள்ளையாகிவிட்டார். ஆனாலும் டாக்டருக்கு ஆறவில்லை. முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி, மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு நேராக மேலாளரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னய்யா சர்வீஸ் பண்றீங்க? நாலு மணி, மூணாம் மேசை. நான் அடிப்பேன், உங்க ஆளுங்க மூணு பேரும் விழுவாங்க. நேத்து இதே அறையில உக்காந்துதானே பேசினோம்?"

மேலாளர் முன்பதிவு நோட்டைப் புரட்டினார். விரலை ஓரிடத்தில் வைத்து, சற்று மேலே நகர்த்தி, தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"தப்பு எங்க மேலதான் சார், ஒரே மேசைக்கு ரெண்டு பேர் சொன்னதைக் கவனிக்கல. மாப்பிள்ளைக்கு விழற அடி மட்டும் நிஜமா இருக்கட்டும்னு உங்க மாமனார் முந்தாநாளே சொல்லிட்டுப் போயிட்டார்."