பூஜ்யம் வந்தவர்கள்

சகாயமேரி டீச்சர் கரும்பலகையில் 2x³ − 3x² − 11x + 6 = 0 என்று எழுதினார். கடைசியிலிருந்த ஆறையும் முதலிலிருந்த இரண்டையும் வைத்து, தீர்வாகக்கூடிய பன்னிரண்டு எண்களைக் கண்டுபிடித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். x இருக்கும் இடத்தில் அதைப் போட்டுப் பார்த்துப் பூஜ்யம் வந்தவர்கள் வெளியே போகலாம். அந்த வகுப்பில் அதுதான் பரிசு.

மூன்று வாங்கிய தணிகா சிரித்துக்கொண்டே போனாள். மைனஸ் இரண்டு வாங்கிய மெர்லினும் போனாள். கதவு சாத்தியபின் தாழ்வாரத்தில் காலடியே கேட்கவில்லை. எப்போதும் கேட்டதில்லை. போனவர்கள் திரும்பி வந்ததும் இல்லை.

பர்வீனுக்கு அரை. மறுபடி மறுபடி போட்டாள். பூஜ்யம்தான்.

"அரை யாருகிட்ட இருக்கு?" என்றார் டீச்சர்.

பர்வீன் எழுந்தாள். "எங்கிட்ட, டீச்சர். மீதி ஒண்ணு வருது" என்று பொய் சொன்னாள்.

டீச்சர் வகுப்பைச் சுற்றிப் பார்த்தபடியே இருந்தார். "யாருகிட்டன்னு கேட்டேனே?"

"அத யாருக்குமே குடுக்கலையே டீச்சர்" என்றாள் பக்கத்திலிருந்த ஜெபா. பிறகு, பர்வீன் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தாராளமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.