நாற்பதாவது தொட்டில்

"முப்பத்தொம்பது கட்டியாச்சு. நாளைக்கு வியாழக்கிழமை, நாப்பதாவது" என்று சொல்லிக்கொண்டே, பச்சைத் துணியைச் சின்னத் தொட்டிலாகத் தைத்து முடித்தாள் குர்ஷித் பீ.

மருமகள் சுகரா அந்தப் பச்சைத் துணியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அது சுகராவின் கல்யாணத் துப்பட்டா. வாரம் ஒரு துண்டு வெட்டித் தொட்டிலாகத் தைத்து, ஆம்பூர் தர்காவில் இருக்கும் வேப்பமரத்தில் கட்டிவிட்டு வருவாள் மாமியார். நாற்பது தொட்டிலும் ஒன்றாகத் தொங்கினால் பிள்ளை வரம் கிடைக்குமாம்.

கிடைக்காவிட்டால்? அதற்கும் பதில் தயார்.

போன வருஷம் புருஷனின் பெரியப்பா அப்துல் சமத் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சுகராவின் புருஷன் ஜியாவுதீன் மேஸ்திரியாக இருப்பது அவருடைய தோல் பதனிடும் ஷாப்பில்தான். அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

"ரெண்டு பிள்ளையும் செத்துப் பொறந்துச்சு. அப்புறம் ஒண்ணையும் காணோம். பேரணாம்பட்டுல நல்ல பொண்ணு இருக்கு. ஜியாவுக்கு ரெண்டாவது நிக்காஹ் முடிச்சிடலாம்" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குர்ஷித் பீ சொன்னாள்: "தர்கா பீருக்கு நாப்பது தொட்டில் கட்டறதா வேண்டியிருக்கேன், மச்சான். அது முடியட்டும். அப்பவும் இல்லேன்னா, பொண்ணை நானே பாத்து முடிக்கறேன்."

நானே முடிக்கிறேனாம்! மருமகளுக்குச் சக்களத்தி தேடிக் கொடுக்க என்ன அவசரம் பாருங்கள்.

சுகராவும் ஜியாவுதீனும் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. இரண்டாவது பிரசவத்தில் மாமியாரும் புருஷனும் அவளை ஜட்கா வண்டியில் போட்டு வேலூருக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். லேடி டாக்டர் பாடுபட்டு உயிரைக் காப்பாற்றினார். கிளம்பும் நாளில் நர்ஸ் ஆக்னஸ் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொரு பிள்ளைன்னா நீ பொழைக்க மாட்டேம்மா. டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க."

சுகரா அழுதுகொண்டே புருஷனிடம் சொன்னாள். 

"பிள்ளை வேணாம். நீ இரு" என்றான். அன்றைக்கே தன் கட்டிலை முன்கூடத்துக்கு மாற்றிக்கொண்டான்.

கேட்டவர்களிடம் 'உள்ளே புழுக்கம்' என்றான். மார்கழியிலும் அதையே சொன்னான். குர்ஷித் பீ ஒருநாள் கம்பளியைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, "முன்கூடத்துல குளுருமே" என்றாள். குத்திக் காட்டுகிறாள் என்று சுகரா கூனிக் குறுகிப் போனாள்.

"மாமிகிட்ட சொல்லிடலாமே" என்று புருஷனைக் கேட்டாள்.

"வேணாம். பெரியப்பா காதுக்குப் போச்சுன்னா அடுத்த வாரமே நிக்காஹ்தான். மாட்டேன்னா வீட்டையும் ஷாப்பையும் விட்டுத் தொரத்திடுவாரு."

வியாழக்கிழமை தர்காவுக்குப் பெரியப்பாவே கூட வந்துவிட்டார். சுகராவையும் வரச் சொன்னார். அவள் பயந்துகொண்டே பின்னால் நடந்தாள்.

குர்ஷித் பீ நாற்பதாவது தொட்டிலைக் கட்டினாள். பெரியப்பா கைத்தடியை நீட்டி, பச்சைத் தொட்டில்களை மட்டும் எண்ணினார். பதினொன்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

"இன்னாம்மா இது? மிச்சமெல்லாம் எங்க?"

"அய்யோ அல்லா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள் குர்ஷித் பீ. "எந்தப் பாவி அவுத்தானோ! வாராவாரம் என் கையால கட்டினேனே!"

தர்காவைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் ஹமீது தாடியைத் தடவினார். "நாப்பதும் சேந்து தொங்கணும் பாய். கொறையறதைக் கட்டி முடிச்சாதான் நேர்ச்சை தீரும்."

"அதுவரைக்கும் நிக்காஹ் பேச்சு?"

"பாதியில விட்டுட்டு வேற காரியம் பண்ணலாமா? உங்க இஷ்டம்."

பெரியப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முன்பு ஒரு நேர்ச்சையை மறந்ததால்தான் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் அத்தனை தோலும் அழுகிப் போனது என்று இன்றுவரை நம்புகிற மனுஷர் அவர்.

"கட்டித் தொலைங்க" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தார்.

இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்தாள் சுகரா. உடனே கணக்கும் போட்டாள். இன்னும் இருபத்தொன்பது வாரம். இதே பயத்தில் இன்னும் இருபத்தொன்பது வியாழக்கிழமை சாக வேண்டுமா?

வீட்டுக்கு வந்தார்கள். துப்பட்டா தீர்ந்துபோயிருந்தது. அடுத்த தொட்டிலுக்கு ஏதாவது பழைய பச்சைத் துணி கிடைக்குமா என்று மாமியாரின் பெட்டியைத் திறந்தாள் சுகரா.

மடித்து வைத்த தொழுகை விரிப்புக்கு அடியில் ஒரு மூட்டை. பிரித்தாள்.

பச்சைத் தொட்டில்கள். ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்தொன்பது.

"மொதல்ல கதவைச் சாத்து" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மாமி... நீங்களா அவுத்தீங்க?"

"பின்னே காத்தா அவுக்கும்? அந்த நர்சம்மா உன்கிட்ட மட்டுமா சொன்னாங்க? வெளிய வந்து என்கிட்டயும்தான் சொன்னாங்க."

"ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதா மாமி? தெனம் செத்துக்கிட்டிருந்தேனே!"

"நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட சொன்னீங்களா? உன் மூஞ்சியில பயம் இல்லேன்னா, உங்க பெரியப்பா என்னை நம்பியிருப்பாரா?"

சுகரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குர்ஷித் பீ பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"செத்துப் பொறந்த ரெண்டு பிள்ளை மய்யத்தையும் இந்தக் கையால தூக்கிக் குடுத்தேன். மூணாவதா உன்னையும் தூக்கிக் குடுக்க என்னால ஆவாது. கண்ணைத் தொடை. துப்பட்டாதான் தீந்துபோச்சே, வர்ற வியாழக்கிழமைக்கு அந்த மூட்டையிலேருந்தே ஒண்ணை எடுத்து வை."