இவளை ஏற்றாதே

ஆஸ்பத்திரி லிஃப்டில் எஸ்தர் கால் வைத்ததும் கதவு மூட மறுத்தது.

"எறங்கும்மா, உன்னாலதான் நிக்குது" என்று யாரோ எரிந்து விழுந்தார்.

எஸ்தர் சிரித்துக்கொண்டே இறங்கி, கூட வந்த பிரமிளாவிடம் சொன்னாள்: "நீங்க போங்கக்கா. மூணு வருஷமா இந்த ஊரு லிஃப்டுங்களுக்கு என்னைக் கண்டாலே ஆவறதில்ல."

ஆறாவது மாடியில் அவள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்க வந்த பிரமிளா விக்கித்துப் போய்க் கைபேசியை எடுத்தாள். எஸ்தரிடம் வாடிக்கையாக மீன் வாங்குபவள் அவள்.

மூன்று வருஷத்துக்கு முன் பிரமிளாதான், தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களோடு மீன் கூடையும் ஏறிவிடக் கூடாதே என்று, தன் கட்டடத்து லிஃப்டிடம் கைபேசி வழியே 'இவளை ஏற்றாதே' என்று சொல்லி வைத்தாள். அன்று மாலையே மின்சாரம் போய் வந்தது. அதோடு அந்தத் தடை அழிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். லிஃப்டோ அதை மறக்காமல் வைத்திருந்து, ஊரிலுள்ள மற்ற லிஃப்டுகளுக்கும் சொல்லியிருக்கிறது. தன் வாசலில் மூச்சு வாங்க நிற்பவளிடம் பிரமிளா ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

கைபேசியில் அந்தத் தடை இன்னும் இருந்தது. 'நீக்கு' என்பதன் கீழே ஒரு வரி: நீக்கினால், தடை செய்தவர் பெயர் தடை செய்யப்பட்டவருக்குத் தெரிவிக்கப்படும்.

மாடிப்படி ஏறத் தொடங்கியிருந்த எஸ்தர் முதல் திருப்பத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா, நீங்க லிஃப்டுல போகலியா?"

"உன்கூடவே வரேன்." பிரமிளா கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, அவள் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கிக்கொண்டாள்.

"இந்த மனசு யாருக்குக்கா வரும்?"

பிரமிளா படிகளைப் பார்த்தபடியே ஏறினாள். இன்னும் ஐந்தரை மாடி இருந்தது.